கதிர் கேட்ட மன்னிப்பு

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி
பிப்ரவரி 2

என்னங்க,

உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களுக்கு எழுதித் தந்ததெல்லாம் மளிகைச் சீட்டுதான். கூட இருக்கும் யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று உங்கள் போன் நம்பரில் அவரைப் பேசவிட்டீர்களாம். அதற்குத் தண்டனையாக மே மாதம் வரை உங்களுக்குப் போனும் இல்லை, ஈமெயிலும் இல்லையாம். ஜெயிலுக்குப் போயும் உங்கள் தாராள மனசு போகவில்லை. மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

டிவியில் பார்த்திருப்பீர்கள். நஞ்சுண்டண்ணனுக்கு அதிபர் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். சீனியர் டேகேருக்கு வரும் பெரியவர்களிடம் வாராவாரம் தேவையில்லாமல் ரத்தம் எடுத்து, செய்யாத டெஸ்ட்டுக்கெல்லாம் அரசாங்கத்துக்கு பில் போட்டதற்கு அவருக்கு ஒன்பது வருடம். அந்த பில் போடும் ப்ரோக்ராமை எழுதியதற்கு உங்களுக்கு நான்கு. அவர் உள்ளே போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார். தேர்தலில் அதிபருக்காகக் கோயில் கோயிலாக ஆள் திரட்டியவர், மேடையில் அவர் பக்கத்தில் நின்று கையசைத்தவர். உங்களை யாருக்குத் தெரியும்?

தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் முதலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு வாஞ்சிநாதன் ஒரு கைகூப்பும் படம் போட்டார். அவ்வளவுதான், மத்தாப்பு, பூச்செண்டு, "நம்ம அண்ணன் வந்துட்டார்" என்று ஒரே அமர்க்களம். டாக்டர் ஷ்யாமளா மட்டும், "ரத்தம் கொடுத்தவங்களை யாராவது கேட்டீங்களா?" என்று எழுதினார். இங்கே அரசியல் வேண்டாம் என்று அட்மின் சொன்னதும் அவர் குழுவை விட்டே போய்விட்டார். நான் இன்னும் இருக்கிறேன். என்னை யாரும் நீக்கவில்லை. நான் அங்கே இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை போல.

ரோஷினியின் வகுப்பில் இதையே விவாதமாக வைத்தார்களாம். டீச்சருக்கு நம் கதை தெரியாது. அதிபர் செய்தது சரி என்று பேசும் பக்கம் இவளுக்கு வந்திருக்கிறது. "ஐ வொன், அம்மா" என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

பனி கொட்டிக் கிடக்கிறது. டிரைவ்வேயை நானேதான் தள்ளினேன், முதுகு விட்டுப்போய்விட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழில்


டெக்ஸாஸ்
பிப்ரவரி 15

எழில்,

உன் கடிதம் மெதுவாகத்தான் வந்தது. தமிழில் இருப்பதால் யாரோ படித்துப் பார்த்து, ஆபத்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் தருவார்களாம். இந்த ஊரில் எங்கோ ஒரு தமிழருக்கு உன் முதுகுவலி வரைக்கும் தெரியும். அவருக்கும் என் வணக்கம். கையில் தருவது நகல்தான். உன் எழுத்து இருக்கிறது, நீ பேனாவை அழுத்திய அழுத்தம் இல்லை.

செய்தி வந்தபோது நான் லாண்டரியில் பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தேன். டிவி ரூமிலிருந்து ஒரே கூச்சல். சிலர் கெட்ட வார்த்தை, சிலர் கைதட்டல். என் கேஸ் விவரம் தெரிந்த ஒருவன் ஓடிவந்து, உன் பழைய முதலாளியாமே என்றான். அன்றிலிருந்து நான் பெரிய மனிதன். அதிபருக்கு வேண்டியவருக்கு வேண்டியவன். ஆளாளுக்கு மனு எழுதிக்கொண்டு வந்து, இதை உங்கள் ஆளிடம் சேர்த்துவிடு என்கிறார்கள். நூடுல்ஸ் பாக்கெட் வேறு தருகிறார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவனே நான்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஒருவன்தான் நம்பினான். அவன் நூடுல்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

கோபம் வரும் என்று நினைத்தேன் எழில். வரவில்லை. அவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை எங்கே விட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் கராஜ் கதவோரம் என் செருப்பு இன்னும் கிடக்கிறதா? எடுத்து உள்ளே வைக்காதே, கிடக்கட்டும்.

ரோஷினியிடம் சொல், ஜெயித்ததில் தப்பில்லை என்று. என்ன பாயிண்ட் சொல்லி ஜெயித்தாள் என்று கேட்டு எழுது. எனக்கு உபயோகப்படும்.

கதிர்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
பிப்ரவரி 28

என்னங்க,

செருப்பு அங்கேயேதான் கிடக்கிறது. ரோஷினி பாயிண்ட்டைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தது. நம் வீட்டு பெல்லை இப்போதெல்லாம் டெலிவரிக்காரரைத் தவிர யாரும் அடிப்பதில்லை. திறந்தால் நஞ்சுண்டண்ணன் சம்சாரம் வசந்தாமணியக்கா. கையில் ஒரு டப்பா நிறைய ஒப்புட்டு, பருப்புப் போளி. கேஸ் ஆரம்பித்த பிறகு கோயிலில் என்னைப் பார்த்தால் தூணைச் சுற்றிப் போனவர், "என்ன கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று கன்னத்தைத் தடவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வந்துவிட்டது. யாராவது தொட்டு எத்தனை நாளாயிற்று.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "அண்ணன் மனசுல ஒண்ணுமே வெச்சுக்கல கண்ணு. நீங்க கோபியிலிருந்து வந்து எறங்குனப்ப ஏர்ப்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டு வந்தவரு. கதிரு அவருகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதட்டும். பயந்துபோயி கோர்ட்டுல மாத்திச் சொல்லிட்டேன், அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அண்ணன் மேலிடத்துல பேசி அவனுக்கும் மன்னிப்பு வாங்கிக் குடுத்துருவாரு. கோடைக்குள்ள ஊடு வந்து சேர்ந்துருவான்" என்றார்.

மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பு வாங்கித் தருவார். ஒரே வார்த்தையை இரண்டு விதமாகச் சொன்னார், எனக்கு முதலில் புரியவே இல்லை.

சித்திரை விழாவில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். என்னையும் முன்வரிசையில் வந்து உட்காரச் சொன்னார். அதற்குள் உங்கள் பதில் தெரிந்தால் நல்லது என்று இரண்டு முறை சொன்னார்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். ஒப்புட்டு நன்றாக இருந்தது. ரோஷினி நான்கு சாப்பிட்டாள்.

எழில்


டெக்ஸாஸ்
மார்ச் 10

எழில்,

அக்கா சொன்னதை எழுதினாய், ரோஷினி சாப்பிட்டதை எழுதினாய். நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

நான் எழுதினால் என்னவாகும் என்று சொல்கிறேன். நான் கோர்ட்டில் சொன்னது பொய் என்று ஆகும். நான் மட்டும் என்றால் போகட்டும், எனக்கு ஏற்கெனவே பேர் கெட்டுவிட்டது. பிச்சுமணி அங்கிள் இருக்கிறாரே, அந்த வயதில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கூண்டில் ஏறி, சட்டைக் கையைச் சுருட்டி, இந்தக் கையில்தான் வாராவாரம் குத்தினார்கள் என்று காட்டினாரே. "நஞ்சுண்டன்தான் பக்கத்துல நின்னு, சும்மா சக்கரை பாக்கறோம் மாமான்னான்" என்று சொன்னாரே. அவர் சொன்னதற்குத் துணையாக இருந்தது நான் சொன்னதுதான். நான் மாற்றினால் அவர் கிழட்டுப் புளுகர் ஆகிவிடுவார்.

இவ்வளவும் தெரிந்தும் எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. மறைப்பானேன். பக்கத்துக் கட்டில்காரன் குடும்பம் பார்க்க வந்துவிட்டுப் போன நாளெல்லாம் தோன்றுகிறது.

நீ சொல். நீ சொன்னால் செய்கிறேன்.

கதிர்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மார்ச் 19

என்னங்க,

நீங்கள் நல்லவராகவும் இருக்க வேண்டும், கெட்ட பேர் எனக்கு வர வேண்டும், அதுதானே? "நீ சொன்னால் செய்கிறேன்" என்றால் வேறு என்ன அர்த்தம்?

ரோஷினிக்கு கார் ஓட்டப் பழக்குகிறேன். மளிகைக் கடை பார்க்கிங் லாட்டில்தான். எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவே பயம், பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்தி அழுத்தி முழங்கால் வலிக்கிறது. அவள் திரும்பிப் பார்த்து, "அப்பா வுட் பீ பெட்டர் அட் திஸ்" என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஆபீஸில் எல்லாரும் மத்தியானம் இந்த மன்னிப்பைப் பற்றித்தான் பேசினார்கள். அநியாயம் என்றாள் ஒருத்தி, அதிபருக்கு அந்த அதிகாரம் உண்டு என்றான் ஒருவன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லை. நான் டப்பாவை மூடிக்கொண்டு என் சீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் இரண்டு பேருக்குச் சமைத்தாலும் மிஞ்சுகிறது.

பிச்சுமணி அங்கிள் பாவம்தான். அவரை வீட்டில் பார்த்துக்கொள்ள மகன் இருக்கிறார், மருமகள் இருக்கிறாள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

வந்துவிடுங்கள். சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எழில்


டெக்ஸாஸ்
மார்ச் 29

எழில்,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. சாப்பாட்டுக்குப் போகாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

முடிவு செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, முழு மனசோடுதான் கேட்கிறேன். நீயும் ரோஷினியும் படுகிற பாடு தெரிந்துதான் கேட்கிறேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

கதிர்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
ஏப்ரல் 20

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு கிச்சனிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோஷினி பயந்துபோய் ஓடிவந்தாள். அப்பா மன்னிப்புக் கேட்டுவிட்டார், வந்துவிடுவார் என்றேன். அவள் கராஜுக்குப் போய் உங்கள் செருப்பை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தாள்.

வசந்தாமணியக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அண்ணங்கிட்ட இப்பவே சொல்றேன் கண்ணு" என்றார். மறுநாளிலிருந்து எனக்கு எத்தனை மெசேஜ் தெரியுமா? விழாவுக்கு நான் போனபோது சேர் பிடித்து வைத்திருந்தார்கள். வாஞ்சிநாதன் மனைவி என் புடவையைத் தொட்டுப் பார்த்து எங்கே எடுத்தது என்று கேட்டார். சிரித்துப் பேசினேன். எத்தனை நாளைக்கு அப்புறம்.

அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பெரிய கைதட்டல். மைக்கைப் பிடித்து அதிபருக்கு நன்றி சொன்னார், ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, "கதிரே இப்ப மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கான். கோர்ட்டுல சொன்னதெல்லாம் பயத்துல சொன்னதுன்னு அவனே ஒத்துக்கிட்டான். நானும் மன்னிச்சுட்டேன். சின்னப்பையன்தானே" என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

அப்போது நான்கு வரிசை தள்ளி பிச்சுமணி அங்கிள் எழுந்து நின்றார். அவரும் ஏதோ பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெல்ல வெளியே போனார். அந்த வாக்கர் சத்தம் கைதட்டலிலும் எனக்குக் கேட்டது. மருமகள் பின்னாலேயே ஓடினாள்.

சாப்பாடு நன்றாக இருந்ததாம். நான் சாப்பிடாமலே வந்துவிட்டேன். அந்த நாலு வரி எப்போது வரும் என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அனுப்பிவிட்டீர்களா?

எழில்


டெக்ஸாஸ்
மே 1

எழில்,

நான் எதையும் அனுப்பவில்லை. அனுப்பப் போவதும் இல்லை.

மன்னிப்புக் கேட்டது உன்னிடம். என்னால் எழுத முடியாது, நீ சொல்லியும் முடியவில்லை, அதற்காக உன்னிடம் கேட்டேன். என் கடிதத்தை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். "உன்னிடம்" என்கிற வார்த்தையை நான் எழுதவே இல்லை. உனக்கு எழுதுகிற கடிதத்தில் உன்னிடம் என்று தனியாக எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அதைப் படித்துப் பார்த்து அனுப்பிய அந்தத் தமிழராவது ஒரு வார்த்தை சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது. எழுந்து கும்பிட்டாயே, அதில் இருக்கிறது. ஆனால் நீ எத்தனை நாள் கழித்துச் சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்தால் அதுவும் போய்விடுகிறது. அந்தச் சிரிப்பையும் நானே கெடுக்கிறேன்.

பிச்சுமணி அங்கிளிடம் யாராவது உண்மையைச் சொல்ல வேண்டும். நான் இங்கிருந்து எழுதினால் எப்போது போய்ச் சேருமோ. நீ போவாயா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. செருப்பைத் திரும்பக் கராஜில் போட்டுவிடு.

கதிர்


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
மே 12

என்னங்க,

படித்ததும் உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவினேன். இரண்டு நாள் ரோஷினியிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு ஆத்திரம். ஊரில் எத்தனையோ பேர் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், என் வீட்டுக்காரருக்கு மட்டும் என்ன வந்தது என்று சுவரோடு சண்டை போட்டேன்.

மூன்றாம் நாள் சொன்னேன். "ஸோ ஹீ செட் நோ?" என்றாள். ஆமாம் என்றேன். அப்பா கேட்டது என்னிடம், நான் புரிந்துகொண்டது வேறு என்று விளக்கினேன். "ஃபர்கிவ் வேற, பிரசிடென்ட் குடுக்கற பார்டன் வேற அம்மா. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வேர்டா?" என்றாள். ஆமாம் என்றேன். "தட்ஸ் எ பக்" என்றாள். ப்ரோக்ராமில் பிழை இருந்தால் நீங்கள் சொல்கிற வார்த்தை, உங்கள் பெண்தான். சிரித்துக்கொண்டே அழுதாள். செருப்பை அவளே கொண்டுபோய்ப் போட்டாள்.

வசந்தாமணியக்கா வீட்டுக்குப் போனேன். டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டுதான் போனேன். "மன்னிப்பு கேட்டது அண்ணங்கிட்ட இல்லீங்க்கா, எங்கிட்ட. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். அண்ணன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை. அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டு, "அப்ப அவன் அங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கன்னத்தைத் தொடவில்லை.

சங்கத்துக் குழுவில் எழுதினேன். "என் கணவர் கதிர் நஞ்சுண்டன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கோர்ட்டில் சொன்னது சொன்னதுதான். நான் எழுந்து கும்பிட்டதற்கு வருந்துகிறேன்." அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்து வருவதற்குள் அட்மின் என்னை நீக்கிவிட்டார். நான் இத்தனை நாள் அங்கே இருந்தது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிச்சுமணி அங்கிள் வீட்டுக்கும் போனேன். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே போயிருக்க வேண்டும். அவர் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்குக் கோர்ட்ல சத்தியம் பண்ணினேனேம்மா, அது பொய்யாயிடுத்தா?" என்பதுதான். இல்லை அங்கிள், அவர் எதையும் மாற்றிச் சொல்லவில்லை என்றேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, கடைசித் தடவை கத்தினேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். பிறகு கதிர் எப்போது வருவான் என்று கேட்டார். கழிவெல்லாம் போக இன்னும் இரண்டு வருடம் என்று அதையும் கத்திச் சொன்னேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யாருக்காக அழுகிறேன் என்றே தெரியாமல் அழுதேன்.

இனி யாரும் பெல் அடிக்க மாட்டார்கள். பழகிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நிறைய யோசித்தேன். மன்னிக்கவில்லை. அடுத்த வாரம் போன் வந்துவிடும், அதில் கேட்காதீர்கள். ஜூனில் பார்க்க வருவோம், அங்கேயும் கேட்காதீர்கள். நஞ்சுண்டண்ணனுக்குக் கொடுத்த மாதிரி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எனக்கு வராது. இரண்டு வருடம் கழித்துக் கராஜ் கதவோரம் செருப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து, அடுப்புப் பக்கத்தில் நின்று கேளுங்கள். யாரிடம் கேட்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எழில்